ரிப்போர்ட்டில் 'கிருமி இல்லை'... அப்படியானால் சிறுநீர்ப்பையில் குடியிருப்பது யார்?

லேப் கவரைப் பிரித்ததும் கண் முதலில் தேடுவது தடித்த எழுத்தைத்தான். ஒரு பெண்ணின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் இரண்டே வார்த்தைகள்: 'நோ க்ரோத்'. எந்தக் கிருமியும் வளரவில்லை என்று பொருள். இன்னொரு பெண்ணின் ரிப்போர்ட்டில் ஒரு பாக்டீரியாவின் பெயர், பக்கத்தில் 'ஒரு லட்சத்துக்கு மேல்' என்று ஒரு கணக்கு, அதற்குக் கீழே எந்த ஆன்டிபயாடிக் கேட்கும், எது கேட்காது என்று நீளமான பட்டியல்.

முதல் பெண்ணுக்கு ஒரு வாரமாக நீர்க்கடுப்பு. பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போக வேண்டும்போல இருக்கிறது. "ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையேம்மா... சூடா இருக்கும், மோர் குடி" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவது பெண்ணுக்கு எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சர்க்கரை நோய்க்காக வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் டெஸ்ட்களோடு சேர்த்துக் கொடுத்த சாம்பிள் அது. ஆனால், ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துபோன வீட்டுக்காரர் அன்று மாலையே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி வந்துவிடுகிறார்.

பல குடும்பங்களில் நடப்பதுதான் இது. இரண்டு இடத்திலும் ஒரே தவறு நடக்கிறது. முதல் ரிப்போர்ட்டுக்கு, 'சிறுநீர்ப்பையில் பாக்டீரியாவே இல்லை' என்று அர்த்தமில்லை. இரண்டாவது ரிப்போர்ட்டுக்கு, 'நோய் வந்துவிட்டது' என்றும் அர்த்தமில்லை. எந்த நோயும் இல்லாத பெண்களின் சிறுநீர்ப்பையிலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்பது இப்போது உறுதியாகியிருக்கிறது. மருத்துவப் பாடப்புத்தகங்கள் நூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லிவந்ததற்கு நேர் எதிரான செய்தி இது.

கலங்காத சிறுநீர்

'ஆரோக்கியமானவரின் சிறுநீரில் கிருமி கிடையாது' என்ற பாடம் 19-ம் நூற்றாண்டில் தொடங்கியது. பால் புளிப்பதும் இறைச்சி அழுகுவதும் காற்றோடு வந்து சேரும் நுண்ணுயிரிகளால்தான் என்று நிரூபிக்கப் போராடிக்கொண்டிருந்தார் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1860-களில் அவர் செய்த சோதனைகளில் சிறுநீரும் இடம்பெற்றது. வெளிக்காற்றின் தூசி படாமல் பாதுகாத்த சிறுநீர், நாள் கணக்கில் கலங்காமல் தெளிவாகவே இருந்தது. காற்றுபட்டது கலங்கி நாற்றமெடுத்தது. 1881-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த டாக்டர் வில்லியம் ராபர்ட்ஸும், நலமாக இருப்பவரின் சிறுநீரில் கிருமி இருக்காது என்றே எழுதினார்.

பாஸ்டர் காட்ட நினைத்தது, அழுகலுக்குக் காரணம் நுண்ணுயிரி என்பதை. அதில் அவர் வென்றார். ஆனால், 'கலங்கவில்லை' என்பது நாளடைவில் 'ஒன்றுமே இல்லை' என்றாகிவிட்டது. எண்ணிக்கையில் குறைவாக, மெதுவாக, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா சிறுநீரைக் கலங்கவைக்காமலும் இருக்கலாம் என்பதைப் பார்க்க அன்றைக்கு வழியில்லை.

ஒரு லட்சம் என்ற கோடு

அடுத்த திருப்பம் 1956-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வந்தது. எட்வர்ட் காஸ் என்ற டாக்டருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். சிறுநீர் வெளியே வரும் வழியில் தோலிலும் பிறப்புறுப்பிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதில் கலந்துவிடும. அப்படி வழியில் கலந்தது எது, சிறுநீரகத்தில் தொற்று இருப்பதால் வந்தது எது என்று எப்படிப் பிரிப்பது?

சிறுநீரகத் தொற்றுள்ள பெண்களையும் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களையும் ஒப்பிட்டு அவர் ஒரு கோடு போட்டார். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஒரு லட்சம் பாக்டீரியாவுக்கு மேல் இருந்தால் தொற்றாக இருக்கலாம். அதற்குக் கீழே இருந்தால் வழியில் கலந்ததாக இருக்கலாம். இன்றுவரை லேப் ரிப்போர்ட்களில் வரும் 'ஒரு லட்சம்' அங்கிருந்து வந்ததுதான்.

சிறுநீரகத் தொற்றைப் பிரித்தறிய உதவிய இந்தக் கோடு, பிறகு எல்லாவற்றுக்கும் பொதுவான கோடாகிவிட்டது. மேலே இருந்தால் நோய், கீழே இருந்தால் ஒன்றுமில்லை. 1982-ல் சியாட்டிலைச் சேர்ந்த டாக்டர் வால்டர் ஸ்டாம் குழு, நீர்க்கடுப்போடு வந்த பெண்களைச் சோதித்தபோது இதிலிருந்த ஓட்டை தெரிந்தது. தொற்று உண்மையிலேயே இருந்த பெண்களில் பலருக்கு எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொடவே இல்லை. எரிச்சல் இருக்கும் பெண்ணிடம் ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியா ஒரு மில்லிலிட்டருக்கு வெறும் 100 இருந்தாலே அதைப் பொருட்படுத்த வேண்டும் என்று அந்த ஆய்வு சொன்னது.

லேப்பில் நடப்பது என்ன?

வழக்கமான யூரின் கல்ச்சரில், சாம்பிள் டப்பாவிலிருந்து எடுக்கப்படும் சிறுநீர் ஒரே ஒரு மைக்ரோலிட்டர். ஒரு சொட்டை 50 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதைப் பாக்டீரியாவுக்கு உணவு கலந்த இரண்டு தட்டுகளில் கோடாக இழுத்து, உடல் சூட்டுக்கு நெருக்கமான வெப்பத்தில், சாதாரணக் காற்றில், ஏறக்குறைய 24 மணி நேரம் வைப்பார்கள். அதற்குள் புள்ளி புள்ளியாகக் கூட்டம் முளைத்தால் எண்ணுவார்கள். முளைக்காவிட்டால், 'நோ க்ரோத்'.

இந்த ஏற்பாடு ஈ.கோலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். அது கிடைத்ததைச் சாப்பிடும், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரும், ஒரே ராத்திரியில் பெருகிவிடும். நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம் என்பதால், அதைப் பிடிக்க இந்த முறை நன்றாகவே உதவுகிறது. ஆனால் காற்றே ஆகாத பாக்டீரியாக்கள் உண்டு. கரியமில வாயு கூடுதலாகக் கேட்பவை உண்டு. இரண்டு நாளானால்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்பவையும் உண்டு. இவை இந்தச் சோதனையில் மாட்டுவதில்லை.

மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொழுது விடிந்தும் பொங்காமல் இருந்தால், 'மாவில் நுண்ணுயிரியே இல்லை' என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் சூடான இடத்தில், இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்பார்கள். சிறுநீருக்கு அந்தப் பொறுமையைக் காட்ட மருத்துவ உலகுக்கு 21-ம் நூற்றாண்டு வரை ஆனது.

சிகாகோவில் விழுந்த முடிச்சு

மனித உடலில் எங்கெல்லாம் நுண்ணுயிரிகள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்க, 2008-ல் அமெரிக்காவில் ஒரு பெரும் திட்டம் தொடங்கியது. மூக்கு, வாய், தோல், குடல், பெண்ணின் பிறப்புறுப்பு என்று பட்டியல் போட்டார்கள். சிறுநீர்ப்பை அதில் இல்லை. அங்கேதான் ஒன்றும் கிடையாதே!

அந்த இடத்தைக் கையில் எடுத்தவர்கள், சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நுண்ணுயிரியல் விஞ்ஞானி ஆலன் உல்ஃபும், பெண்களின் சிறுநீர்ப்பைக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் டாக்டர் லிண்டா ப்ரூபேக்கரும். இவர்களின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பெண்களிடமிருந்து மூன்று விதமாகச் சிறுநீர் எடுக்கப்பட்டது. வழக்கம்போல் டப்பாவில் பிடித்தது ஒன்று. மெல்லிய குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி எடுத்தது இன்னொன்று. அடிவயிற்றின் வழியாக ஊசியைச் சிறுநீர்ப்பைக்கே நேராகச் செலுத்தி எடுத்தது மூன்றாவது. ஊசியில் வரும் சிறுநீர் பிறப்புறுப்பு வழியாக வருவதே இல்லை என்பதால், 'வழியில் கலந்திருக்கும்' என்று தள்ள முடியாது. அதிலும் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. கிடைத்தது.

டி.என்.ஏ. கிடைத்தால் மட்டும் போதுமா? செத்துப்போன பாக்டீரியாவிலிருந்தும் டி.என்.ஏ. வருமே? அந்தக் கேள்விக்கு விடை 2014-ல் வந்தது. அதே குழு, ஒரு மைக்ரோலிட்டருக்குப் பதிலாக 100 மைக்ரோலிட்டர் சிறுநீரை எடுத்தது. அதுவும் இரண்டு சொட்டுதான். பலவகை உணவுத் தட்டுகளில், காற்றோடும் காற்றில்லாமலும் கரியமில வாயுவைக் கூட்டியும், 48 மணி நேரம் வைத்துப் பார்த்தது. குழாய் வழியாக எடுத்த 65 சாம்பிள்களில் 52-ல் பாக்டீரியாக்கள் உயிரோடு வளர்ந்தன. நூற்றுக்கு 80! அந்த 52-ல் 48 சாம்பிள்களுக்கு வழக்கமான கல்ச்சர் கொடுத்த பதில், 'நோ க்ரோத்'.

சாம்பிள் கொடுத்தவர்களில், சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்பட்ட பெண்களும் இருந்தார்கள். சிறுநீர்க் கோளாறே இல்லாத பெண்களும் இருந்தார்கள். பாக்டீரியாக்கள் இரு தரப்பிலும் இருந்தன.

யார் யார் அங்கே?

அந்த ஒரே ஆய்வில் 85 இனங்கள் அடையாளம் காணப்பட்டன. அதிகம் தென்பட்டது லாக்டோபேசில்லஸ். கொரினிபாக்டீரியம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆகியவை அடுத்தடுத்த இடங்களில். கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியா முதன்மையாக இருக்கும் பெண்களும் உண்டு. சிலரிடம் எதுவுமே வளர்வதில்லை. அதுவும் கோளாறு அல்ல. ஆளுக்கு ஆள் இந்தக் கூட்டம் மாறும்.

குடலோடு ஒப்பிட்டால் இது சின்னக் கிராமம். பெருங்குடலில் ஒரு கிராம் கழிவில் ஆயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள் இருக்கும். சிறுநீர்ப்பையில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நூறோ, சில ஆயிரமோதான். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் கணிசமானவை வெளியேறிவிடும். இருக்கும் கொஞ்சமும் மறுபடி பெருக வேண்டும்.

இவை எங்கிருந்து வருகின்றன? பெண்ணுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆணுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு அதன் வாசல் பிறப்புறுப்புக்கு அருகிலேயே இருக்கிறது. 2018-ல் லயோலா குழுவும் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிலையமும் சேர்ந்து, 77 பெண்களின் சிறுநீர்ப்பையிலிருந்து வளர்த்த 149 பாக்டீரியாக்களின் முழு மரபணு வரிசையையும் படித்தன. சிறுநீர்ப்பையில் இருப்பவையும் பிறப்புறுப்பில் இருப்பவையும் நெருங்கிய சொந்தங்கள் என்று தெரிந்தது. ஒரே வளவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள்போல. ஒரு வீட்டில் நடப்பது இன்னொரு வீட்டைப் பாதிக்காமல் இருக்காது.

காவலும் கலகமும்

பூப்பெய்திய பிறகு சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், பிறப்புறுப்பின் உட்சுவரில் மாவுச்சத்தைப் போன்ற கிளைகோஜனைச் சேர்த்து வைக்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டு லாக்டோபேசில்லஸ் பெருகி, லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. பால் தயிராகும்போது புளிப்பைத் தரும் அதே அமிலம்தான். அந்தப் புளிப்பில் ஈ.கோலை போன்றவை பெருகத் திணறும். குடலிலிருந்து சிறுநீர்ப் பாதைக்கு வரப் பார்க்கும் ஈ.கோலை, முதலில் இந்தக் காவலைத் தாண்ட வேண்டும்.

எல்லா லாக்டோபேசில்லஸும் ஒன்றல்ல. 2014-ல் வந்த இன்னோர் ஆய்வில், சிறுநீரை அடக்க முடியாத பிரச்னை இல்லாத பெண்களிடம் லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்ற இனம் அதிகம் தென்பட்டது. அந்தப் பிரச்னை உள்ளவர்களிடம் லாக்டோபேசில்லஸ் காசெரி என்ற இனமும் கார்ட்னெரெல்லாவும் அதிகம் தென்பட்டன. பாக்டீரியா மாறியதால் பிரச்னை வந்ததா, பிரச்னையால் பாக்டீரியா மாறியதா என்பது இன்னும் ஆராயப்படுகிறது. ஆனால், 'கிருமி இல்லை, எல்லாம் மனசுதான்' என்று அனுப்பிவைக்கப்பட்ட பெண்களுக்கு அந்தக் கேள்வி எழுந்ததே பெரிய விஷயம்.

கார்ட்னெரெல்லாவைப் பற்றி 2017-ல் வந்த எலி ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. ஒருமுறை தொற்று வந்து குணமான எலிகளின் சிறுநீர்ப்பைச் சுவருக்குள் ஈ.கோலை தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே கார்ட்னெரெல்லா சில மணி நேரம் வந்துவிட்டுப் போனாலே போதும், தூங்கிய ஈ.கோலை விழித்துக்கொண்டு மறுபடி தொற்றை உண்டாக்கியது. தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கு ஒவ்வொரு முறையும் கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை என்ற சந்தேகத்துக்கு இது வலு சேர்த்தது.

ஈ.கோலையிலும் சாதுவானவை உண்டு. ஸ்வீடனில் ஒரு சிறுமியின் சிறுநீர்ப்பையில் ஒருவகை ஈ.கோலை குறைந்தது 3 ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருந்தது. அதை வளர்த்தெடுத்து, அடிக்கடி தொற்று வந்து அவதிப்பட்ட நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் டாக்டர்கள் வேண்டுமென்றே செலுத்திப் பார்த்தார்கள். அது குடியிருந்த காலத்தில் அவர்களுக்குத் தொற்று வருவது குறைந்தது. காலியாகக் கிடக்கும் மனையைத்தான் யாரும் ஆக்கிரமிப்பார்கள். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவது அத்தனை எளிதல்ல. இந்தச் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது.

விரட்டினால் என்ன ஆகும்?

ரிப்போர்ட்டில் பாக்டீரியா இருக்கிறது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டால் நல்லதுதானே?

இத்தாலியில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஏற்கெனவே அடிக்கடி தொற்று வந்த, ஆனால் அந்த நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா மட்டும் இருந்த 673 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக் தரப்பட்டது. இன்னொரு பிரிவுக்குத் தரப்படவில்லை. ஒரு வருட முடிவில், மருந்து சாப்பிடாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத் தொற்று திரும்பியது. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு!

மருந்து அந்த நேரத்துக்குக் கிருமியைக் கொன்றது. கூடவே, ஊறு செய்யாமல் இடத்தைப் பிடித்து வைத்திருந்தவற்றையும் அப்புறப்படுத்தியது. காலியான இடத்துக்கு அடுத்து வந்தவை சாதுவாக இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு? 2002-ல் கனடாவில் இதேபோல் அறிகுறியில்லாத 105 சர்க்கரை நோயாளிப் பெண்களிடம் ஆய்வு நடந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்ததால் பிற்காலத்தில் தொற்றோ சிக்கல்களோ குறையவில்லை. 70 வயதைத் தாண்டிய பெண்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இப்படிச் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது சாதாரணம். நீண்ட நாளாகச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். அறிகுறி இல்லாதபோது இவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். தேவையில்லாமல் சாப்பிடும் ஒவ்வொரு கோர்ஸும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உருவாக வழி செய்கிறது. உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

இதற்கு முக்கியமான விதிவிலக்கு, கர்ப்பிணிகள். கர்ப்ப காலத்தில் சிறுநீர்ப்பையிலிருக்கும் பாக்டீரியா மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஆபத்து அதிகம். அதனால் எரிச்சல் இல்லாவிட்டாலும் பரிசோதித்து, கல்ச்சரில் கூடுதல் எண்ணிக்கை வந்தால் சிகிச்சை எடுத்தே ஆக வேண்டும். 'இயல்பான பாக்டீரியாதான்' என்று கர்ப்பிணிகள் மருந்தைத் தவிர்க்கக் கூடாது. சிறுநீர்ப் பாதையில் ரத்தக் கசிவு ஏற்படக்கூடிய ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் முன்கூட்டியே மருந்து தரப்படும்.

மெனோபாஸுக்குப் பிறகு

'இத்தனை வருஷம் இல்லாத நீர்க்கடுப்பு, 55 வயசுல ஏன் மாத்தி மாத்தி வருது?' என்று கேட்கும் அம்மாக்கள் நிறைய. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதனால் கிளைகோஜன் குறைகிறது. லாக்டோபேசில்லஸும் குறைகிறது. புளிப்பு குறைந்த இடத்தில் குடல் பாக்டீரியாக்கள் எளிதாகக் குடியேறுகின்றன. இதில் சுத்தக் குறைவு என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

1993-ல் இஸ்ரேலில், மெனோபாஸைக் கடந்து, அடிக்கடி தொற்று வந்த 93 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பிறப்புறுப்பில் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தடவியவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 0.5 முறைதான் தொற்று வந்தது. மருந்தில்லாத க்ரீம் தடவியவர்களுக்கு 5.9 முறை. க்ரீம் தடவியவர்களிடம் லாக்டோபேசில்லஸ் திரும்பி வந்ததும் தெரிந்தது. கிருமியைக் கொல்லும் மருந்தே இல்லாமல், குடியிருந்தவற்றைத் திரும்ப அழைத்தே கிடைத்த பலன் அது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் உட்படச் சிலருக்கு இந்த க்ரீம் பொருந்துமா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தானாக வாங்கித் தடவும் பொருள் அல்ல.

நல்ல பாக்டீரியாவையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சியும் நடக்கிறது. 2011-ல் சியாட்டிலில் 100 இளம் பெண்களிடம் நடந்த சிறிய ஆய்வில், லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸை பிறப்புறுப்பில் வைத்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குத் தொற்று திரும்பியது. வெறும் மாத்திரை வைத்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு. நம்பிக்கை தரும் தொடக்கம்.

அப்படியானால் தினமும் தயிர் சாப்பிட்டால் போதுமா? தயிரில் இருப்பவை பெரும்பாலும் வேறு இனங்கள். சாப்பிட்ட தயிர் போய்ச் சேரும் இடம் குடல். தயிர் உடம்புக்கு நல்லது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. நீர்க்கடுப்புக்கு அது மருந்து என்று நம்பி டாக்டரைத் தள்ளிப்போடக் கூடாது. பிறப்புறுப்பில் தயிரைத் தடவுவதும் கூடாது.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை

* தண்ணீர்: குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் அடிக்கடி நீர்க்கடுப்பும் இருந்த 140 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. தினமும் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. குடிக்காதவர்களுக்கு 3.2 முறை. சிறுநீரக, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

* அடக்குதல்: வேலை செய்யும் இடத்தில் சுத்தமான கழிப்பறை இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஏராளம். பள்ளி மாணவிகளும் இதைச் செய்கிறார்கள். சிறுநீர் ஓடிப்போகாமல் தேங்கினால், வேண்டாத பாக்டீரியா பெருக அவகாசம் கிடைக்கும். இது பெண்கள் மட்டும் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கமல்ல. கழிப்பறை தர வேண்டியவர்களின் பொறுப்பும்கூட.

* கழுவுதல்: வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். பிறப்புறுப்பின் உட்பகுதியைச் சோப்பு, டெட்டால், வாசனைத் திரவங்களால் கழுவினால், காவலுக்கு இருக்கும் பாக்டீரியாக்கள்தான் முதலில் போகும்.

* சாம்பிள்: கையையும் வெளிப்புறத்தையும் கழுவிவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்தைத் தொடக் கூடாது. உடனே லேப்பில் சேர்க்க வேண்டும். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். சாதகமான சூட்டில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். கணக்குப் போட்டால், ஒன்று 3 மணி நேரத்தில் 512 ஆகிவிடும். வெயிலில் பஸ்ஸில் பைக்குள் பயணம் செய்த டப்பா, இல்லாத நோயை ரிப்போர்ட்டில் எழுதிவிடும்.

* டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: எரிச்சல், அவசரம், அடிவயிற்று வலி இவையெல்லாம் எப்போது தொடங்கின, எத்தனை முறை வந்தன, கடைசியாக என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டது, மாதவிடாய் நின்றுவிட்டதா, கர்ப்பமா. ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' கூடியிருக்கிறது என்பது மட்டுமே மருந்துக்குக் காரணமாகாது.

* தாமதிக்கக் கூடாதவை: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம். இவற்றில் எது இருந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்போது டாக்டர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக்கை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். உண்மையான தொற்றுக்கு அது உயிர்காக்கும் மருந்து.

இரண்டு ரிப்போர்ட்டும் ஒரு கேள்வியும்

48 மணி நேரம் வைத்துப் பார்க்கும் விரிவான கல்ச்சர் இன்னும் வழக்கமான லேப்களுக்கு வந்துவிடவில்லை. வந்தாலும், 85 பெயர்களைப் பட்டியல் போட்ட ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கும். இயல்பாக இருப்பவை எவை, தொல்லை தருபவை எவை என்ற எல்லைக்கோட்டைத்தான் விஞ்ஞானிகள் இப்போது வரைந்துகொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், டாக்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். 'உங்களுக்கு என்ன செய்யுது?'

அந்தக் கேள்விக்கு, 'நோ க்ரோத்' ரிப்போர்ட்டோடு நிற்கும் முதல் பெண்ணிடம் பதில் இருக்கிறது. ஒரு வாரமாக எரிகிறது. அந்தப் பதிலை நம்பி, வேறு காரணம் தேட வேண்டும். தேவைப்பட்டால் மறுபடி சாம்பிள் எடுக்க வேண்டும். இரண்டாவது பெண்ணின் பதில், 'ஒண்ணும் செய்யலையே டாக்டர்'. அந்தப் பதிலையும் நம்ப வேண்டும். கர்ப்பிணியாக இல்லாதவரை, மெடிக்கல் ஷாப்பிலிருந்து வந்த அந்த அட்டையைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.